மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை: போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

என் அக்காவுக்கு இந்தச் சிகிச்சையைப் பற்றி டாக்டர் முதன்முதலில் சொன்னபோது, 'டி.எம்.எஸ்.' (டிரான்ஸ்கிரேனியல் மேக்னெடிக் ஸ்டிமுலேஷன், அதாவது தலைக்கு வெளியிலிருந்து காந்தத்தால் மூளையைத் தூண்டுவது) என்றதும் எங்கள் அம்மாவுக்குப் பாடகர் டி.எம்.சௌந்தரராஜன்தான் ஞாபகத்துக்கு வந்தார். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டில் கேட்டார்கள்: "தலையில கரண்ட் வைக்கிறாங்களா?" இரண்டுக்கும் அன்று எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பேசுவது தமிழ், பெரிய வைத்தியம் என்றால் போவது கோயம்புத்தூர். வேலந்தாவளம் தாண்டி, சாவடி வழியாக உக்கடம், அங்கிருந்து இன்னொரு பஸ். ஒன்பது வாரத்தில் இப்படி 36 முறை அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தோம். மருந்தைவிட, ஊசியைவிட, இந்தச் சிகிச்சையில் பெரிய வேலை இந்தப் போய்வருதல்தான். அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டவர்கள் முடிக்கிறார்கள். செய்யாதவர்கள் பத்தாவது நாளோடு நின்றுவிடுகிறார்கள், பணமும் போய்விடுகிறது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

தலைக்குள் என்ன நடக்கிறது

பழைய சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொள்ளுங்கள். காந்தம் சுழலும்போது பக்கத்தில் இருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும், லைட் எரியும். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த விஷயம்தான் அது. இங்கே கம்பிச் சுருள் தலைக்கு வெளியே இருக்கிறது. அதில் விட்டுவிட்டு மின்சாரம் பாயும்போது, எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குச் சமமான வலுவுள்ள காந்தப்புலம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தோன்றி மறைகிறது. அது மண்டை ஓட்டைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரை போய், அங்குள்ள நரம்பணுக்களில் மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அவ்வளவுதான். மூளை முழுவதும் அது பாய்வதில்லை.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் 1985-ல் இப்படி மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சையாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-ல் அனுமதி தந்தது. நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸிலும், பெரிய நகரங்களில் பல மனநல மருத்துவமனைகளிலும் இது நடக்கிறது.

பக்கத்து வீட்டுக் கேள்விக்குப் பதில் இது: ஷாக் ட்ரீட்மென்ட் என்று நாம் சொல்லும் ஈ.சி.டி. வேறு, இது வேறு. ஈ.சி.டி.யில் மயக்க மருந்து கொடுத்து, மூளையில் கட்டுப்பாடான ஒரு வலிப்பை வரவழைக்கிறார்கள். இங்கே மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவே கூடாது என்பதுதான் கணக்கு. விழித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம், முடிந்ததும் எழுந்து பஸ் பிடிக்கலாம். ஞாபகமறதி என்ற பயமும் வேண்டாம். ஆனால் ஈ.சி.டி.யைக் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாடு தண்ணீரே இறங்காத நிலை, இல்லாத குரல்கள் கேட்கிற நிலை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் முற்றிப்போன நிலை, இவற்றுக்கெல்லாம் ஈ.சி.டி.தான் வேகமாகவும் உறுதியாகவும் வேலை செய்கிறது. அப்படிப்பட்டவரை வாரக்கணக்கில் காந்தச் சிகிச்சைக்கு அலைக்கழிக்கக் கூடாது. வீட்டில் யாராவது சாக வேண்டும் என்று பேசினால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நடுராத்திரியாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் அது. இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

யாருக்குப் பொருந்தும்

பொதுவாக, மருந்து சாப்பிட்டும் போதுமான அளவு தேறாதவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறார்கள். 'மருந்து சாப்பிட்டும்' என்பதற்கு அர்த்தம் இருக்கிறது. சரியான அளவில், ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் சாப்பிட்டிருக்க வேண்டும். பத்து நாள் சாப்பிட்டு விட்டுவிட்டு 'எனக்கு மாத்திரை கேட்கலை' என்று சொன்னால் அது கணக்கில் வராது. அக்கா எஸ்சிடலோபிராம் நாலு மாதம், பிறகு வென்லாஃபாக்சின் ஆறு மாதம் சாப்பிட்டிருந்தாள். தூக்கம் கொஞ்சம் வந்தது, மற்றபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவற்றையும் முதலில் சோதித்துப் பார்ப்பார்கள். அவற்றில் கோளாறு இருந்தால் காந்தம் என்ன செய்யும்?

எப்போதாவது தூக்கமே இல்லாமல் தாறுமாறாகப் பேசி, தாறுமாறாகச் செலவு செய்து, அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்த காலம் உண்டா என்று டாக்டர் கேட்பார். மறைக்காதீர்கள். அது இருமுனைக் கோளாறாக இருந்தால், இந்தத் தூண்டலால் மறுபடி அந்த உச்சத்துக்குப் போகிற வாய்ப்பு உண்டு.

இரும்பும் வலிப்பும்: முன்பரிசோதனை

இந்தச் சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லவைக்கும் காரணங்களில் முக்கியமானவை இரண்டு. தலையிலோ கழுத்திலோ உலோகம் இருப்பது ஒன்று. காது கேட்க உள்ளே பொருத்திய காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், எப்போதோ தைத்த இரும்புத் துணுக்கு எல்லாம் இதில் அடக்கம். கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளில் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர்கள் நம் பக்கம் நிறைய. கண்ணில் பொறி விழுந்த அனுபவம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தாலும் சொல்ல வேண்டும். பல்லில் அடைத்த சிமெண்ட், கிளிப் பெரும்பாலும் தடையில்லை.

இரண்டாவது வலிப்பு. தனக்கு, கூடப்பிறந்தவர்களுக்கு, தலையில் அடிபட்டதற்குப் பிறகு, எப்போது வந்திருந்தாலும் சொல்ல வேண்டும். இதற்கு வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். டாக்டர் கேட்டபோது அக்கா 'இல்லை' என்றாள், நானும் தலையாட்டினேன். அம்மாதான் மூலையிலிருந்து, "ரெண்டு வயசுல காய்ச்சல்ல இழுத்துதே, சாமி" என்றாள். எங்களுக்குத் தெரியவே தெரியாது. டாக்டர் மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுத்துப் பார்த்து, பரவாயில்லை என்று முடிவு செய்தார். ஆனால் அது அவர் தெரிந்து எடுத்த முடிவு.

அப்புறம் குடி. சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புக் கள் அன்றாட விஷயம், அதை யாரும் குடிப்பழக்கமாகவே எண்ணுவதில்லை. டாக்டர் கேட்டால் 'குடிக்க மாட்டார்' என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிடுவார். தினமும் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினாலே வலிப்பு வரலாம். அந்த நிலையில் காந்தத் தூண்டலும் சேர்ந்தால் ஆபத்து கூடும். எத்தனை கிளாஸ், கடைசியாக எப்போது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். புப்ரோபியான், க்ளோசாபின் போன்ற மாத்திரைகள் வலிப்பு எளிதில் வரும்படி செய்யக்கூடியவை. தூக்கத்துக்குத் தரும் சில மாத்திரைகள் சிகிச்சையின் பலனைக் குறைக்கலாம் என்று டாக்டர்கள் அளவை மாற்றுவார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

பயப்பட வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்கு: ஒழுங்காகப் பரிசோதித்துச் செய்தால், முழுச் சிகிச்சை எடுத்த ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வலிப்பு வருகிறது. இருந்தாலும் அந்த அறையில் வலிப்பைச் சமாளிக்கத் தெரிந்த ஆளும் மருந்தும் இருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன்

நாங்கள் முதலில் போன ஓர் இடத்தில், பத்தே நாளில் முழுக்கக் குணம் என்றார்கள். முழுப் பணத்தையும் அன்றே கட்டச் சொன்னார்கள். அக்காவின் பழைய மருந்துச்சீட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்படிச் சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல இடத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்: மொத்தம் எத்தனை அமர்வு? முதல் நாள் அளவெடுப்புக்குத் தனிக் கட்டணமா? ஒரு நாள் வர முடியாவிட்டால் என்ன? பாதியில் நின்றால் மீதிப் பணம்? நோய் எவ்வளவு கடுமை என்று தொடங்கும்போதும் நடுவிலும் முடிவிலும் மதிப்பெண் போட்டுப் பார்ப்பீர்களா? அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

காப்பீடு பற்றி ஒன்று. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் மருத்துவமனையில் தங்காமல் தினமும் வந்துபோகும் சிகிச்சைக்குப் பாலிசியில் இடமிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நம்மைப்போல் ஒரு மாநிலத்தில் வசித்து இன்னொரு மாநிலத்தில் வைத்தியம் பார்ப்பவர்கள், அரசு அட்டை எல்லை தாண்டிச் செல்லுமா என்பதையும் முதல் நாளே விசாரித்துவிட வேண்டும். சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரிகிற மொழியில் கேட்டறிவது நோயாளியின் உரிமை.

நாட்காட்டியை எடுத்து வையுங்கள்

வழக்கமான கணக்கு இது: வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், 30 அமர்வு. பிறகு மூன்று வாரத்தில் மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைத்து இன்னும் 6. மொத்தம் 36. ஓணம், பொங்கல், சித்தூர் கொங்கன்படைத் திருவிழா, வீட்டுக் கல்யாணம், எல்லாவற்றையும் பார்த்துத் தொடக்க நாளைக் குறியுங்கள். ஹர்த்தால் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவதில்லை. எங்களுக்கு ஒரு நாள் பஸ் ஓடவில்லை. வேலந்தாவளம்வரை பைக்கில் போய், அந்தப் பக்கம் தமிழ்நாட்டு வண்டியைப் பிடித்தோம். ஒருநாள் இரண்டுநாள் விட்டுப்போனால் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள். வாரக்கணக்கில் இடைவெளி விழக் கூடாது.

கூடப் போக ஒரே ஆளை நம்பாதீர்கள். நான் நாலு நாள், சித்தி மகள் ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டோம். மனச்சோர்வில் இருப்பவர் காலையில் எழுந்து 'இன்னிக்கு வேண்டாம்' என்று சொல்லத்தான் செய்வார். அந்த நோயே அப்படித்தான். அந்த நேரத்தில் சண்டை போடாமல் செருப்பை எடுத்துவைக்கிற ஆள் ஒருவர் வீட்டில் வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், மூக்குத்தி. தோடு, கம்மல், ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். எங்கள் மருத்துவமனையில் மூக்குத்தியையும் கழற்றச் சொன்னார்கள். அக்காவின் மூக்குத்தி இருபது வருடமாகக் கழற்றாதது, திருகாணி இறுகிப்போயிருந்தது. தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே ஆசாரியிடம் போய் எண்ணெய் விட்டுக் கழற்றினோம். துளை தூர்ந்துவிடக் கூடாதே என்று அம்மா வேப்ப ஈர்க்கை ஒடித்துச் செருகிவிட்டாள். ஒன்பது வாரமும் அக்கா அந்த ஈர்க்கோடுதான் வந்தாள். தலைக்கு அன்று எண்ணெய் வைக்க வேண்டாம். தலையில் மாட்டும் துணித்தொப்பியில் எண்ணெய் ஊறினால், அவர்கள் போட்ட மார்க்கர் குறி அழிந்துவிடும்.

முதல் நாள்: கட்டைவிரல் துள்ளுகிறது

முதல் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். ஒவ்வொருவர் மூளைக்கும் எவ்வளவு வலு தேவை என்று அன்றுதான் அளக்கிறார்கள். டேப்பால் தலையை நீளவாக்கிலும் குறுக்கிலும் அளந்து, தொப்பியில் குறி வைக்கிறார்கள். பிறகு கம்பிச் சுருளைத் தலையின் இடப்பக்கம் ஓர் இடத்தில் வைத்துக் காந்தப்புலத்தை ஒற்றை ஒற்றைத் தட்டாக விடுகிறார்கள். அந்த இடம் வலது கையை அசைக்கும் பகுதி. இடம் சரியாக அமைந்தால் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளும்.

அக்கா மடியில் வைத்திருந்த கை சும்மா இருந்தது. 'டக்' என்றது, கட்டைவிரல் மட்டும் எகிறியது. அவள் அதையே பார்த்தாள். அடுத்த தட்டுக்கு மறுபடி எகிறியது. "நான் ஆட்டலை" என்று என்னிடம் சொன்னாள். பல வாரத்துக்குப் பிறகு, கேட்காமலே அவள் சொன்ன முதல் வாக்கியம் அது.

பத்துத் தட்டில் ஐந்து முறை விரல் துள்ளும் மிகக் குறைந்த வலுவை அவருடைய எல்லை என்று குறித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அதில் 120 சதவீதம் வைத்துச் சிகிச்சை தருவார்கள். பிறகு சுருளை முன்பக்கம், இடது நெற்றிக்கு மேலே நகர்த்துகிறார்கள். மனநிலையைக் கட்டுப்படுத்தும் ஆழமான பகுதிகளோடு தொடர்புள்ள இடம் அது. மனச்சோர்வில் பலருக்கு அந்த இடம் மந்தமாகிவிடுகிறது. மாத்திரையை மாற்றினாலோ இரவு தூக்கம் கெட்டாலோ எல்லையும் மாறலாம், அதனால் இரண்டையும் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள்.

அன்றாட அமர்வு

காதில் அடைப்பான் வைத்துக்கொள்ள வேண்டும், சத்தம் பலம். அக்கா, "அம்மி கொத்துற மாதிரி இருக்கு" என்றாள், அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பழைய முறையில் நாலு விநாடி தொடர்ந்து கொத்தும், 26 விநாடி ஓய்வு. இப்படி 75 முறை, மொத்தம் 3,000 தட்டு, முப்பத்தேழரை நிமிடம். தட்டுகளைக் கொத்துக்கொத்தாக வேகமாகத் தரும் புதிய தீட்டா பர்ஸ்ட் முறையில் 600 தட்டு, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று சந்தேகப்பட வேண்டாம். கனடாவில் 414 பேரை வைத்துச் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், அது நீண்ட முறைக்குச் சளைத்ததில்லை என்று தெரிந்தது.

கொத்தும்போது புருவம், கண்ணிமை, தாடை துடிக்கும். முதல் சில நாள் அந்த இடத்தில் சுருக்கென்று வலிக்கும், தலைவலியும் வரலாம். வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், சுருளின் கோணத்தை மாற்றுவார்கள், வலுவைக் குறைத்துப் படிப்படியாக ஏற்றுவார்கள். பொறுத்துக்கொள்வது பெருமை என்று வளர்ந்த நம் வீட்டுப் பெண்கள் சொல்லவே மாட்டார்கள், அதனால் கூடப் போகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாரசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் வலி அடங்கிவிடும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். நடுவில் தூங்கிவிடக் கூடாது, தலையையும் அசைக்கக் கூடாது.

வாரங்கள் எப்படிப் போகும்

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாமல் போகலாம். எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில் அக்கா முன்னைவிட அதிகமாக அழுதாள். பணத்தைக் கொட்டிவிட்டோமோ என்று நான் பயந்தேன். டாக்டர் மதிப்பெண் தாளைப் பார்த்துவிட்டு, தொடரலாம் என்றார்.

17-வது நாள். திரும்பி வரும் பஸ், மதுக்கரை தாண்டியிருக்கும். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார். அக்கா அவரைக் கூப்பிட்டு, "அண்ணா, அஞ்சு ரூபா பாக்கி தரணும்" என்றாள். எட்டு மாதமாக வெளியாளிடம் தானாக ஒரு வார்த்தை பேசாதவள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளிடம் கேட்டால், அன்றும் 'ஒண்ணும் வித்தியாசம் இல்ல' என்றுதான் சொல்லியிருப்பாள். மாற்றம் பல நேரம் கூட இருப்பவர் கண்ணில்தான் முதலில் படுகிறது. அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், குளித்தாரா, எத்தனை இட்லி, யாரிடம் பேசினார், அவ்வளவு போதும்.

மருத்துவமனையில் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளைத் தருவார்கள். உச்சம் 27. 20-ம் அதற்கு மேலும் கடுமை. பாதியாகக் குறைந்தால் பலன் தந்திருக்கிறது என்பார்கள், 5-க்குக் கீழே போனால் நோய் விலகிவிட்டது என்பார்கள். அக்கா 21-ல் தொடங்கி 9-ல் முடித்தாள். பலன் உண்டு, முழுக்க விலகவில்லை. எங்களுக்கு அந்த 9 பெரிது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

அமெரிக்காவில் மருத்துவமனைகளில் சிகிச்சை எடுத்த 307 பேரைத் தொடர்ந்து பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், டாக்டர்களின் மதிப்பீட்டில் 58 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது, 37 சதவீதம் பேருக்கு நோய் விலகியது. இது நல்ல எண். ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலிச் சிகிச்சை பெற்றவர்கள் இல்லை, பலர் மருந்தும் சேர்த்துச் சாப்பிட்டார்கள். 2010-ல் மருந்தில்லாமல், பாதிப் பேருக்குப் போலிச் சுருள் வைத்து ஒப்பிட்ட ஆய்வில், நிஜச் சிகிச்சையில் 14 சதவீதம் பேருக்கும் போலியில் 5 சதவீதம் பேருக்கும்தான் நோய் விலகியது. மருந்து கேட்காமல் போனவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு, உத்தரவாதம் இல்லை. நோயாளியிடம் 'இதுதான் கடைசி வழி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பலிக்காமல் போனால் அந்த வார்த்தை அவரை முறித்துவிடும். வலப்பக்கம் தூண்டுவது, மருந்தை மாற்றுவது, ஈ.சி.டி. என்று அடுத்த வழிகள் உண்டு.

ஒரே நாளில் பத்து அமர்வு, ஐந்தே நாளில் முடிக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக முறைக்கு 2022-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. தினமும் அலைய முடியாதவர்களுக்கு அது பெரிய வரமாக இருக்கும். ஆனால் அதில் ஒவ்வொருவருக்கும் ஸ்கேன் எடுத்து இடத்தைக் குறிக்கிறார்கள். உங்கள் ஊரில் யாராவது 'ஐந்து நாள் பேக்கேஜ்' என்றால், அந்த ஸ்கேனையும் சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்று கேளுங்கள்.

முடிந்த பிறகு

மாத்திரையை நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம். சில மாதத்தில் பழைய அறிகுறிகள் திரும்பினால், முற்றும்வரை காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள். முதல் முறை பலன் கிடைத்தவர்களுக்கு மறுபடி கொடுத்தாலும் பெரும்பாலும் கிடைக்கிறது. அதற்காகவே, கடைசி நாளில் சிகிச்சை விவரத்தை எழுதி வாங்குங்கள்: எந்த எந்திரம், எந்த இடம், எல்லை எவ்வளவு, எத்தனை தட்டு, வாரவாரம் மதிப்பெண் என்ன. இந்தத் தாள் இருந்தால் வேறு ஊரிலும் வேறு டாக்டர் முதலிலிருந்து தடுமாற வேண்டியதில்லை. அக்காவுடையது எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அவளே அதை அங்கே எடுத்துவைத்தாள், மூக்குத்தியைத் திரும்பப் போட்டுக்கொண்ட அன்று.